ஆணியில் தொங்கிய கொலுசு

ஜனவரி 6

கம்பெனி கொடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வாசகம் அச்சடித்திருக்கிறார்கள். இன்றைக்கு, ‘பாதுகாப்பு நம் பழக்கம்’. கல்லூரியை விட்ட பிறகு நான் எதுவும் எழுதவில்லை. எழுதாமலே இருந்தால் மூளை துருப்பிடித்துவிடும் என்று பயமாக இருக்கிறது. அமி தூங்கியதும் நாலு வரியாவது எழுத வேண்டும்.

குவார்ட்டர்ஸுக்கு வந்து இரண்டு நாளாகிறது. பாதிச் சாமான் இன்னும் சாக்குமூட்டையில் கிடக்கிறது. முதலில் எழுத வேண்டியது வாசனையைத்தான். லாரி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதுமே அழுகிய முட்டை நாற்றம். எட்டு மாதக் குழந்தை அமி என் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கண் எரிந்து, குமட்டி, சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தபடியேதான் புது வீட்டுக்குள் நுழைந்தேன். வலது காலை எடுத்து வைத்தேனா என்பதுகூட நினைவில்லை.

“என்னங்க இது?”

“நாலு நாள்ல பழகிரும்” என்றார் என் கணவர் தனசீலன்.

மரக்கூழைக் கரைத்துப் பட்டுப்போல நூல் இழுக்கிற ஆலை. கந்தகம் இல்லாமல் அந்த வேலை நடக்காதாம். என் கணவர் ஆலையின் ஆய்வகத்தில் கெமிஸ்ட். காற்றையும் கழிவுநீரையும் சோதித்து, ‘அளவுக்குள் உள்ளது’ என்று கையெழுத்துப் போடுவது அவர் வேலை. ஆகவே அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கேட்டில் பெயரும் நேரமும் எழுதாமல் வெளியே போக முடியாது. கடைத்தெரு மூன்று கிலோமீட்டர்.

ஜனவரி 8

இன்றும் நாற்றம். ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கிறேன். தலைவலி.

ஜனவரி 12

இன்று வாசனையே இல்லை. ஆலையில் ஏதோ சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது. எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டேன்.

ஜனவரி 15

பொங்கலுக்கு மாதர் மன்றத்திலிருந்து வீட்டுக்கு ஒரு பை. இரண்டு கரும்புத் துண்டு, முந்திரி, ஏலக்காய், அப்புறம் ஒரு டப்பா வெள்ளி துலக்கும் பொடி. பொங்கல் பையில் வெள்ளி துலக்கும் பொடி எதற்கு என்று எதிர்வீட்டு ஜெபராணி அக்காவைக் கேட்டேன். அவர் கணவர் ஆலையில் ஆபரேட்டர். பதினோரு வருடமாக இங்கே இருக்கிறார்கள்.

“இது இல்லாம இங்க முடியாது மக்ளே. எங்க டேனி கழுத்துல கெடக்க சிலுவை ஒரே வாரத்துல கரிக்கட்டையாயிரும்.”

“ஏன்க்கா அப்படி?”

“அதை உன் வீட்டுக்காரர்ட்டல்லா கேக்கணும்!” என்று சிரித்து, அமியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு மணி நேரம் தூங்கினேன். வந்த நாளிலிருந்து முதல் முறை.

பிப்ரவரி 3

அமியின் கொலுசு கறுத்துவிட்டது. அம்மா போட்ட வெள்ளிக் கொலுசு. போனில் சொன்னதற்கு, “உடம்புச் சூடு. நல்லா எண்ணெய் தேய்ச்சு விடு” என்றாள். தனசீலனும் அதையேதான் சொன்னார். பொடி போட்டுத் தேய்த்தேன், பளபளவென்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைக் காலையில் இந்தக் குடியிருப்பே உட்கார்ந்து வெள்ளி துலக்குகிறது. கொலுசு, மெட்டி, குங்குமச்சிமிழ், காமாட்சி விளக்கு. சுத்தமான ஜனங்கள்.

பிப்ரவரி 10

மாதர் மன்றக் கூட்டம். தலைவி விசாலம் மேடம். ஆலையின் நல அதிகாரி பத்மநாபன் சாரின் மனைவி. ரங்கோலிப் போட்டி பற்றிப் பேசி முடித்து, சமோசா வந்தபோது ஜெபராணி அக்கா எழுந்தார்.

“மேடம், ரெண்டாவது யூனிட் வரப்போவுதுன்னு சொல்லுதாங்க. இந்த ஒண்ணுக்கே எங்க டேனிக்கு மூச்சு இழுக்கு. வேளாங்கண்ணில நாலு நாள் இருந்தா பிள்ளை ஓடி விளையாடுதான். திரும்ப நம்ம பாலம் ஏறுனதும் ஆரம்பிச்சிருது. இந்தக் காத்துதான் மேடம்.”

யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன். பழைய பழக்கம்தான், வேறொன்றுமில்லை.

“காத்துதான்னு எப்படிக்கா தெரியும்?”

“என் பிள்ளைக்கு இழுக்குது. எனக்குத் தெரியாதா?”

“இழுக்குறது தெரியும். காத்தாலதான் இழுக்குன்னு எப்படித் தெரியும்? வீட்டுத் தூசியா இருக்கலாம். பரம்பரையா இருக்கலாம்.”

“எங்க மாமியாருக்கு இழுப்பு உண்டுதான்...” அக்கா தயங்கினார்.

“பாத்தீங்களா!”

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

எம்.ஏ. தத்துவம் படித்ததை இந்த வீட்டில் யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொண்டதில்லை. காண்டல், கருதல், உரை என்று அறிவுக்கு மூன்று வழி. கண் ஏமாற்றும். கருதல் என்பது ஊகம், இல்லாத இடத்துக்கும் தாவும். உரை என்பது யாரோ சொன்னது. மூன்றையும் ஒரே கேள்வியில் கவிழ்க்கலாம். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு என்கிறாயே, அது பனிமூட்டம் இல்லையென்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று கல்லூரிகளில் கோப்பை வாங்கியிருக்கிறேன். ‘ஐயம்தான் எளியவனின் ஆயுதம்’ என்று மேடையில் கையை ஓங்கிப் பேசியிருக்கிறேன். இன்றைக்கு ஒரு நிமிடம் எனக்குள் அந்தக் கல்லூரிக்கால வடிவு திரும்பி வந்தாள்.

பிப்ரவரி 14

பத்மநாபன் சார் வீட்டுக்கே வந்தார். அவருக்கு நாற்காலி போட்டுவிட்டு தனசீலன் நின்றுகொண்டிருந்தார்.

“மேடம் சொன்னாங்கம்மா. நீங்க கேட்ட கேள்வியில ஹாலே அமைதியாயிடுச்சாமே! ஜூலையில ரெண்டாவது யூனிட்டுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் வருது. அதே மாதிரி ஒரு பத்துக் கேள்வி எழுதித் தர முடியுமா? நாம யாரையும் பொய் சொல்றாங்கன்னு சொல்லப் போறதில்ல. கேள்விதான் கேக்கறோம்.”

அதில் என்ன தவறு? கேள்விதானே.

பிப்ரவரி 16

அமி தூங்கிய ஒன்றரை மணி நேரத்தில் பத்தும் எழுதி முடித்தேன். தலைப்பு, ‘நிச்சயமாகத் தெரியுமா?’ நாலாம் கேள்வி: உங்கள் குடும்பத்தில் யாருக்கும் இழுப்பு இருந்ததில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா? ஆறாம் கேள்வி: ஒரு பொருள் காற்றில் இருப்பதாலேயே அது தீங்கு செய்யும் என்று நிச்சயமாகத் தெரியுமா? ஏழாம் கேள்வி: ஆற்றில் மீன் செத்தது தண்ணீராலா, வெயிலாலா என்று நிச்சயமாகத் தெரியுமா? எந்தக் கேள்விக்கும் ஒருவராலும் ஆமாம் என்று சொல்ல முடியாது. பத்தையும் படித்துவிட்டு தனசீலன், “உனக்கு இவ்வளவு மூளையா?” என்றார். கோபம் வர வேண்டிய இடம். சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 5

மஞ்சள் தாளில் அச்சாகி வந்துவிட்டது. என் பெயர் இல்லை. பரவாயில்லை.

அமிக்குச் சளி.

மார்ச் 13

பால்காரர் சுடலை அண்ணன் ஆற்றுக்கு அக்கரை ஊர். இன்று பாலை ஊற்றிக்கொண்டே புலம்பினார். “எங்க ஊரே ரெண்டாப் போச்சு தாயி. எவனோ ஒரு மஞ்சப் பேப்பரைக் குடுத்துட்டுப் போயிட்டான். மீனு தண்ணியாலதான் செத்துதான்னு உனக்கு நிச்சயமாத் தெரியுமாலேன்னு எங்க சித்தப்பன் எங்க அப்பன்ட்ட கேக்கான். சித்தப்பன் மவனுக்கு மில்லுல வேலை. கூடப் பொறந்தவனுவ ரெண்டு பேருக்கும் இப்ப பேச்சு வார்த்தை கெடையாது. எழுதுனவன் மட்டும் கையில கெடைச்சான்...”

அரை லிட்டர் போதும் என்றேன். தினமும் வாங்குவது முக்கால்.

மார்ச் 19

ஆலை ஆஸ்பத்திரியில் அமிக்கு மூக்கில் மாஸ்க் வைத்து மருந்து ஆவி கொடுத்தார்கள். இரண்டாம் முறை. இந்த சீசனில் எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான் என்றார் டாக்டர். எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான்.

மார்ச் 27

துணி காயப்போடும்போது ஜெபராணி அக்கா பக்கத்துக் கொடிக்கு வந்தார். ஒரு மாதமாகப் பேச்சில்லை.

“மஞ்சப் பேப்பர் நீதான் எழுதுனியாமே.”

“அதுல பேர் எதுவும் போடலையேக்கா” என்றேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

“நாலாங் கேள்வி எங்க மாமியார்லா. நீ கேட்டன்னு ஒளிக்காமச் சொன்னது மக்ளே.”

கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் குத்தி முடித்துவிட்டு உள்ளே போய்விட்டார். மக்ளே என்று கூப்பிடாமல் திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 11

ஜெபராணி அக்காவின் கணவரை வடக்கே வேறொரு ஆலைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். நிர்வாகக் காரணம் என்று மட்டும் உத்தரவில் இருக்கிறதாம். அக்கா மன்றத்தில் பேசியதால்தான் என்று சுடலை அண்ணன் சொல்கிறார். அவருக்கு நிச்சயமாகத் தெரியாது.

ஏப்ரல் 18

லாரி கிளம்பும்போது ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். அக்கா இந்தப் பக்கம் திரும்பவில்லை. டேனி மட்டும் கையை ஆட்டினான். அவன் சட்டைப் பையில் உறிஞ்சும் மருந்துக் குப்பி துருத்திக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 22

எங்களுக்கு ‘பி’ டைப் வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு படுக்கையறை. முறைப்படி இன்னும் நாலு வருடம் காத்திருக்க வேண்டுமாம். ஜெபராணி அக்கா இருந்த வீடு. அது தற்செயல்தான்.

ஏப்ரல் 25

படுக்கையறை ஜன்னல் ஓரம் ஒரு ஆணியில் அவர்களுடைய சபைக் காலண்டர் தொங்கியது. மறந்து விட்டுவிட்டார்கள் போல. தேதிகளில் சிவப்பு மையால் வட்டம், பக்கத்தில் ‘டே’ என்று சின்னதாக. டேனிக்கு இழுத்த நாட்கள். சும்மா இந்த டைரியோடு வைத்துப் பார்த்தேன். எனக்குத் தலைவலி என்று பக்க ஓரத்தில் குறித்த நாட்கள் ஏழு. அதில் ஐந்து நாட்களில் வட்டம் இருக்கிறது. ஐந்தும் தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிட முடியுமா? காலண்டரைச் சுருட்டிப் பரணில் போட்டேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

மே 9

தென்காசியிலிருந்து தங்கை கோமு வந்தாள். ஒரு பை மாம்பழம். கேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அங்கேயே வேப்பமரத்தடியில் வாந்தியும் எடுத்துவிட்டாள்.

“யக்கா, என்னக்கா இப்படி நாறுது? சாக்கடை உடைஞ்சு கெடக்கா?”

“எங்க? ஒண்ணும் அடிக்கலையே.”

“வெளையாடுதியா? அழுவின முட்டை மாதிரி வீச்சம் கொடலைப் புடுங்குது. உன் மூக்குல பஞ்சா வச்சிருக்கு?”

மூச்சை இழுத்துப் பார்த்தேன். அவள் தலையில் வைத்திருந்த பிச்சிப்பூ மணந்தது. மாம்பழம் மணந்தது. வேறு எதுவும் இல்லை. மாடிப்படியில் நின்று இழுத்தேன், ஜன்னலில் முகத்தை வைத்து இழுத்தேன். எதுவுமே இல்லை. கோமு கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே தேநீர் குடித்தாள். குடிக்கிற நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் விலக்கிக்கொண்டாள்.

அவள் தூங்கிய பிறகு டைரியைத் திருப்பினேன். ஜனவரி 6, அழுகிய முட்டை. அவள் சொன்ன அதே சொல், என் கையெழுத்தில். ஜனவரி 12, ‘ஆலையில் ஏதோ சரிசெய்துவிட்டார்கள் போலிருக்கிறது.’

நாலு நாளில் சரியானது ஆலை இல்லை.

மே 10

காலையில் அவரிடம் கேட்டேன்.

“ஆமா. அந்த வாயு மூக்கை மரத்துப்போக வச்சிரும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?”

“எல்லாருக்குமா?”

“லேப்ல எல்லாருக்கும்” என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டார்.

மே 11

ஆத்திரப்படக் கூடாது. முறையாகச் செய்து பார்க்க வேண்டும். கொலுசு கறுப்பது உடம்புச் சூட்டால் என்றால், உடம்பில் இல்லாதபோது கறுக்கக் கூடாது. அமியின் இரண்டு கொலுசையும் கழற்றி, ஒரே பொடியில் ஒன்றாகத் துலக்கினேன். ஒன்றை ஜன்னல் ஓரத்து ஆணியில் மாட்டினேன். இன்னொன்றைப் பழைய பஞ்சாமிர்த டப்பாவைக் கழுவிக் காயவைத்து, அதில் போட்டுக் கோமுவிடம் கொடுத்தேன்.

“ஏட்டி, உன் ரூம் ஜன்னல்ல ஒரு ஆணி அடிச்சு மாட்டு. எண்ணெய், சோப்பு எதுவும் படக்கூடாது. கையால தொடாத.”

“கொலுசுக்கு என்ன தீட்டாக்கா?”

“சொன்னதைச் செய்.”

“எம்.ஏ. படிச்சா இப்படித்தான் ஆவாங்க போல” என்று அவள் அமியிடம் சொன்னாள். அமிக்கு ஒரே சிரிப்பு. சிரித்து முடித்ததும் இருமல்.

மே 19

ஆணியில் தொங்கும் கொலுசு தேன் நிறத்துக்கு வந்து, நீலமாகி, இன்றைக்குக் கறுத்துவிட்டது. தென்காசிக்குப் போன் போட்டுக் கோமுவைக் கேட்டேன். “கல்யாணப் பொண்ணு மாதிரி பளபளன்னு தொங்குது” என்றாள்.

ஆணிக்கு உடம்புச் சூடு கிடையாது.

மே 20

அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, கொலுசைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கோமு சொன்னதையும் சொன்னேன். கையைக் கழுவாமல் அதை இடது கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“வெள்ளி கறுத்தா காத்துல கந்தகம் இருக்குன்னு அர்த்தம். எவ்வளவு இருக்குன்னு தெரியாது. இவ்வளவு இருந்தா பிள்ளைக்கு ஆகாதுன்னும் தெரியாது. நீ எழுதுனதுதான வடிவு? ஆறாங் கேள்வி.”

“உங்க மெஷின் எங்க இருக்கு?”

“மெயின் கேட்ல.”

“காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?”

தட்டை நகர்த்தி வைத்தார். மறுபடி கேட்டேன்.

“வருஷத்துல எட்டு மாசம் குவார்ட்டர்ஸ் பக்கம்தான். ஆனா கேட்ல இருக்க காத்து அளவுக்குள்ளதான் இருக்கு. நான் பொய் எழுதல.”

எழுதவில்லைதான். அவர் பொய் எழுதவில்லை, நானும் யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. பத்மநாபன் சாரும் கேள்விதான் கேட்டார். பொய் சொன்ன ஆள் ஒருவர்கூட இல்லை. அமி மட்டும் இருமுகிறாள்.

ஜூன் 2

நாலாம் முறை ஆவி. இந்த முறை ஆலை ஆஸ்பத்திரிக்குப் போகாமல், அவரிடமும் சொல்லாமல், டவுனில் ஒரு டாக்டரிடம் போனேன். கேட்டில் ‘காரணம்’ என்ற கட்டத்தில் காய்கறி என்று எழுதினேன். டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். சொன்னதும் பேனா நின்றது.

“கொஞ்ச நாள் அம்மா வீட்டுக்குப் போய் இருங்களேன்மா.”

“அதைச் சீட்டுல எழுதித் தருவீங்களா சார்?”

மேஜை மணியை அழுத்தி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜூன் 3

தென்காசிக்குப் போகிறேன் என்றேன். “ஜூலை ஒம்பது வரைக்கும் பொறு” என்றார். மாதர் மன்றம் சார்பில் கூட்டத்தில் பேசுபவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதாம். மஞ்சள் தாளை எழுதியவளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள் என்றால் அன்றைக்கே இவருக்கு உத்தரவு வரும். வேலை போனால் ஏழாம் நாள் வீடும் போகும். “ஒரு மாசம்தான” என்றார். அமிக்கு வயது பதின்மூன்று மாதம்தான் என்று நான் சொல்லவில்லை.

என்னை அடைத்து நிற்கும் எந்தச் சுவரும் நான் வைக்காதது இல்லை. உள்ளே நின்றுகொண்டே வீடு கட்டியிருக்கிறேன். வாசல் விட மறந்துவிட்டேன்.

ஜூன் 12

கோர்ட்டில் தீர்ப்புச் சொல்லும்போது சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு அளித்து விடுதலை செய்வதாகப் பேப்பரில் போடுவார்கள். அப்படியானால் சந்தேகத்துக்கு ஒரு பலன் உண்டு. அது யாராவது ஒருவர் கைக்குப் போய்த்தான் சேரும். மூன்று கோப்பை வாங்கிய காலத்தில் இதை நான் யோசித்ததே இல்லை. சந்தேகம் என்பது சும்மா காற்றில் நிற்கும் என்று நினைத்தேன். நான் கிளப்பிய சந்தேகத்தின் பலன் முழுக்க இதுவரை ஆலைக்குத்தான் போயிருக்கிறது. ஜெபராணி அக்காவின் பங்கு, சுடலை அண்ணன் அப்பாவின் பங்கு, அமியின் பங்கு எல்லாமே.

இப்படி எழுதுவது எளிது. கூட்டத்துக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருக்கிறது.

ஜூன் 30

அமி நாலடி நடந்தாள்! பிடிக்காமல்! ஐந்தாவது அடியில் பொத்தென்று உட்கார்ந்து, தனக்குத்தானே கைதட்டிக்கொண்டாள்.

ஜூலை 5

கோமு பஞ்சாமிர்த டப்பாவை கூரியரில் அனுப்பிவிட்டாள். எட்டு வாரம் ஆகியும் வெள்ளை. ‘தொடவில்லை, சத்தியம்’ என்று துண்டுச் சீட்டு.

ஜூலை 9

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். 

பள்ளி மைதானத்தில் ஷாமியானா. மேடையில் மூன்று அதிகாரிகள், நடுவில் இருந்தவர் ஒரு பெண். இடப்பக்கம் அக்கரை ஊர்க்காரர்கள், வலப்பக்கம் நாங்கள். முன் வரிசையில் பத்மநாபன் சாரும் விசாலம் மேடமும். ஒவ்வொரு நாற்காலியிலும் மஞ்சள் தாள். தனசீலன் கடைசி வரிசையில் நின்றார்.

ஜெபராணி அக்கா வந்திருந்தார். டேனியை அழைத்துக்கொண்டு இரண்டு ரயில் மாறி வந்தாராம். மைக்கைப் பிடித்து, பிள்ளைக்கு எப்போதெல்லாம் இழுத்தது, எங்கே போனால் நின்றது என்று சொன்னார். கம்பெனி வக்கீல் எழுந்து மஞ்சள் தாளை வாசித்தார்.

“உங்கள் குடும்பத்தில் யாருக்கும் இழுப்பு இருந்ததில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா?”

“எங்க மாமியாருக்கு உண்டு சார்.”

“அப்போ காத்தாலதான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியாது.”

“தெரியாது சார்” என்று சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தார். வலப்பக்கம் சிரிப்பு. பிப்ரவரியில் மன்றத்தில் கேட்ட அதே சிரிப்பு. இந்த முறை அக்கா அதில் சேரவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். அமியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினேன். முதல் கேள்வியை வாசித்தேன், கைதட்டல். இரண்டாவது, மூன்றாவது. குரல் நன்றாகத்தான் வந்தது. நாலாவதற்கு வந்ததும் தாளை மடித்தேன். அமி இறங்கத் துள்ளினாள். இறக்கிவிட்டேன். புதிதாக நடை பழகியவள், மேடையில் தத்தித் தத்தி நடுவில் இருந்த அதிகாரி அம்மாவின் மேஜையைப் பார்த்துப் போனாள். இரண்டு காலிலும் கொலுசு. காலையில் போட்டுவிட்டபோது எதற்கென்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த அம்மா குனிந்து பார்த்தார். “ஏம்மா, குழந்தைக்கு ஜோடி மாத்திப் போட்டிருக்கீங்களா? ஒண்ணு கறுப்பா இருக்கே.”

“இல்லைங்க மேடம். ஒரே ஜோடிதான்.”

பிறகு சொன்னேன். ஆணி, டப்பா, தென்காசி, எட்டு வாரம். பொங்கல் பையில் வந்த பொடியைச் சொன்னபோது இடப்பக்கத்திலிருந்து சுடலை அண்ணன் குரல், “அப்படிப் போடு தாயி!” மூக்கு மரத்துப்போனதைச் சொன்னேன். வக்கீல் எழுந்தார்.

“இதனால குழந்தைகளுக்குத் தீங்குன்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?”

“தெரியாது சார். அந்தக் கேள்வியை எழுதினதே நான்தான். அதுக்குப் பதில் கிடையாது. பதில் இருக்கக் கூடாதுன்னுதான் அப்படி எழுதினேன். தீங்கு இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ரெண்டு பேருக்கும் தெரியாது. தெரியற வரைக்கும் உங்க பிள்ளையை அந்த வீட்டுல வச்சுப் பாப்பீங்களா?”

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. “நாலாம் கேள்வி, நான் கேட்டேன்னு ஜெபராணி அக்கா ஒளிக்காமச் சொன்னது. அதை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றேன். அச்சடித்ததை வாபஸ் வாங்க முடியாது என்று தெரியும்.

கீழே இறங்கும்போது அக்கா எழுந்து வந்து அமியை வாங்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பாமலே அமியின் மூக்கை முந்தானையால் துடைத்துவிட்டார்.

அந்த அம்மா கறுத்த கொலுசை ஒரு கவரில் போட்டு வாங்கிக்கொண்டார். ரசீது தரவில்லை.

ஜூலை 10

யாரும் கதவைத் தட்டவில்லை. அவர் சாப்பிடாமலே வேலைக்குப் போனார்.

ஜூலை 13

நேற்றுக் காலை அவர் ஆய்வகத்திலிருந்து கையடக்கக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து, ஜன்னல் ஓரத்து ஆணியில் மாட்டினார். இன்று காலை எடுத்துப் பார்த்தார். என் டைரியைக் கேட்டார். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் தேதி, இடம், கருவி காட்டிய எண் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ‘அளவுக்குள்’ என்ற சொல் அதில் இல்லை.

“இதை அந்த மேடத்துக்கு அனுப்பப் போறேன்” என்றார். பிறகு சாமான் கட்டக் காலிச் சாக்குகளை எடுக்கப் பரணில் ஏறினார். சுருட்டிய காலண்டர் கீழே விழுந்தது. அதையும் சேர்த்துக் கட்டினோம்.

ஜூலை 16

உத்தரவு. ஏழு நாள்.

ஆகஸ்ட் 2

தென்காசி. கூட்டத்தின் முடிவு பேப்பரில் வந்திருக்கிறது. மேலும் ஆய்வு தேவை என்று இரண்டாவது யூனிட்டை ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். முதல் யூனிட் பற்றி ஒரு வரியும் இல்லை. அவருக்கு இங்கே ஒரு தண்ணீர் சோதனைக் கூடத்தில் வேலை, சம்பளம் பாதி. அமியின் இருமல் குறைந்திருக்கிறது. ஊர்க் காற்றாலா, வயது ஏறுவதாலா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. சொல்லாமலே நன்றாகத் தூங்குகிறோம்.

ஆகஸ்ட் 24

கேஸ் இணைப்பை மாற்றும் காகிதத்துக்காக இன்று அங்கே போக வேண்டியிருந்தது. அப்படியே டவுன் நகைக் கடையில் அந்த ஒற்றைக் கொலுசையும் மாற்றலாம் என்று பையில் போட்டிருந்தேன். பஸ் பாலத்தில் ஏறியதும் அடித்தது. அழுகிய முட்டை. கண் எரிந்தது. பக்கத்து சீட்டுக்காரர் என்னம்மா உடம்புக்கு என்று கேட்குமளவுக்கு அழுதிருக்கிறேன். என் மூக்கு எனக்குத் திரும்ப வந்துவிட்டது.

‘பி’ டைப் வீட்டில் புதுக் குடும்பம். இருபத்துமூன்று வயது இருக்கும், மலர்க்கொடி என்று பெயர். தொட்டிலில் நாலு மாதக் குழந்தை. காகிதத்தைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்காரவைத்தாள்.

“வாசனை எப்படி இருக்கு?” என்றேன்.

“வந்தப்போ ரெண்டு நாள் பயங்கரம்க்கா. இப்போ சுத்தமா இல்ல. சரி பண்ணிட்டாங்க போல.”

“சரி பண்ணல” என்றேன்.

அவள் முகத்தில் மரியாதையான ஒரு சிரிப்பு. “உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?”

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டாக்டரைச் சொல்லலாம், எண்ணைச் சொல்லலாம், டேனியைச் சொல்லலாம். எல்லாமே அவளுக்கு யாரோ ஒருத்தி வந்து சொன்னதுதான். எழுந்து போய், ஜன்னல் ஓரத்து ஆணியில் வெள்ளைக் கொலுசை மாட்டினேன்.

“இது உங்க பிள்ளைக்கு. ஆனா கால்ல போடாதீங்க. பத்து நாள் இங்கேயே தொங்கட்டும்.”

“வெள்ளிக்கிழமை துலக்கட்டுமாக்கா? மன்றத்துல பொடி குடுத்தாங்க.”

“வேண்டாம். ஒண்ணுமே பண்ணாதீங்க. பாத்துக்கிட்டு மட்டும் இருங்க.”

டைரியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து கோமு வீட்டு போன் நம்பரை எழுதிக் கொடுத்தேன். கேட்டில் வெளியேறும் நேரம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பஸ் பாலத்தைத் தாண்டும் வரை எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை.